எஃகை லேசரால் கடினமாக்கக் கொடுக்கப் போகிறீர்களா? முதல் முறை கொடுப்பவர்களுக்கான வழிகாட்டி

ஆறு அச்சுத்தண்டுகள். ஒவ்வொன்றும் 60 மி.மீ. விட்டம். முன்னும் பின்னும் ஊசலாடும் ஒரு கையைத் தாங்குபவை. வெண்கலப் புஷ் (தண்டைச் சுற்றி அமரும் உறை) உரசும் இடத்தில், தண்டுக்கு இரண்டு பட்டைகள், பட்டைக்கு 25 மி.மீ. அகலம், அவற்றை மட்டும் லேசரால் கடினமாக்கித் தரச் சொல்லி அனுப்பினேன். திரும்பி வந்த ஆறில் இரண்டு கடினமாகவே இல்லை. மற்ற நான்கில் சுமை விழும் பக்கத்திலேயே மென்மையான ஒரு கோடு வந்து உட்கார்ந்திருந்தது. போதாததற்கு, அந்த நான்கின் கடினத்தன்மையையும் நான் தவறாக அளந்து, "இவையும் தேறாது" என்று சண்டை போட்டுவிட்டு, பிறகு மன்னிப்புக் கேட்டேன்.

இந்த மூன்றும் என் பக்கத்துப் பிழைகள். லேசர் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருந்தது. பாகம் கற்றைக்கு முன்னால் போய் நிற்பதற்குள் அதன் விதி பெரும்பாலும் எழுதப்பட்டுவிடுகிறது என்பது எனக்குத் தாமதமாகப் புரிந்தது. கையில் ஒரு பாகமும் வரைபடமும் இருக்கிறது, லேசர் வேறொருவரிடம் இருக்கிறது என்னும் நிலையில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். லேசர் எந்திரமே வாங்க நினைப்பவர்களுக்கு இது போதாது.

1. லேசர்தான் வேண்டுமா என்று தீர்மானியுங்கள்

நடப்பது இதுதான். கற்றை மேற்பரப்பின் ஒரு சிறு பகுதியை ஏறத்தாழ 900 முதல் 1,400 டிகிரி செல்சியஸுக்குள், அதாவது உருகாத அளவுக்கு, ஓரிரு நொடியில் சூடாக்கிவிட்டு நகர்ந்துவிடுகிறது. சூடேறிய மெல்லிய தோலின் வெப்பத்தை அடியிலுள்ள குளிர்ந்த எஃகு இழுத்துக்கொள்கிறது. அந்த வேகத்தில் குளிரும்போது தோல் மார்ட்டென்சைட் என்னும் உள்ளமைப்புக்கு மாறிக் கடினமாகிறது. தண்ணீரும் இல்லை, எண்ணெயும் இல்லை.

இதிலிருந்தே இதன் எல்லைகளும் தெரிந்துவிடும். மேலிருந்து கீழே வெப்பம் ஊறிச் செல்லும் ஆழம் மட்டுமே கடினமாகும்; வழக்கமாக 0.2 முதல் 1.5 மி.மீ. வரை. உங்களுக்கு 3 மி.மீ. ஆழம் வேண்டுமென்றால், மின்சுருளின் காந்தப்புலத்தால் சூடாக்கும் இண்டக்ஷன் முறையைப் பாருங்கள். வெப்பத்தை இழுக்க அடியில் போதிய எஃகு இருக்க வேண்டும். கடின ஆழத்தைப் போல் குறைந்தது பத்து மடங்கு தடிமன் இருப்பது நல்லது. 3 மி.மீ. தகட்டில் 1 மி.மீ. ஆழம் கேட்டால், தகடு முழுவதும் சூடேறி, குளிர வழியின்றிச் சொதப்பும்.

பாகத்தின் மேற்பரப்பு முழுவதும் கடினமாக வேண்டுமென்றால் உலையே மலிவு. லேசர் வெல்வது வேறு இடங்களில்: பெரிய பாகத்தில் சிறு பகுதி மட்டும் கடினமாக வேண்டும், உலையில் வைத்தால் கோணிவிடும், வடிவம் வளைந்து நெளிந்திருக்கிறது, எண்ணிக்கை குறைவு. தகடு அழுத்தும் டையின் வெட்டு விளிம்பு, அச்சு வார்ப்பின் மூடும் விளிம்பு, எந்திரப் படுகையின் வழித்தடம், தண்டின் புஷ் அமரும் இடம் போன்றவை நல்ல உதாரணங்கள். இண்டக்ஷனுக்கு ஒவ்வொரு வடிவத்துக்கும் தனிச் சுருள் செய்ய வேண்டும். லேசருக்கு நிரலை மாற்றினால் போதும். பத்தே பாகங்களுக்குச் சுருள் செய்வது எவ்வளவு நட்டம் என்று கணக்குப் போட்டால் விடை கிடைத்துவிடும்.

ஒரு எச்சரிக்கை: உருளைகள் நேரடியாக ஓடும் முழு வளையப் பரப்பு, அதிலும் தண்டே சுழலும் என்றால், ஒற்றைக் கற்றை லேசரைத் தவிர்ப்பதே நல்லது. ஏன் என்பதை மூன்றாம் படியில் சொல்கிறேன்.

2. எஃகு எது என்பதைக் காகிதத்தில் உறுதி செய்யுங்கள்

என் ஆறில் இரண்டு ஏன் கடினமாகவில்லை? நான்கு தண்டுகளுக்கே வாங்கிய கம்பி போதியது. மீதி இரண்டும் அலமாரியில் கிடந்த, "அதே எஃகுதான்" என்று எல்லோரும் நம்பிய துண்டிலிருந்து கடையப்பட்டவை. அது சாதாரணக் கட்டுமான எஃகு. நிறமும் எடையும் பார்த்து எவராலும் வித்தியாசம் சொல்ல முடியாது.

லேசர் எஃகுக்குள் எதையும் சேர்ப்பதில்லை. உள்ளே இருக்கும் கார்பனைத்தான் வேலை வாங்குகிறது. எனவே கார்பன் குறைந்தது 0.3 சதவிகிதமாவது இருக்க வேண்டும், 0.4-க்கு மேல் இருந்தால் நிம்மதி. சி45 எஃகில் 0.42 முதல் 0.50 வரை இருக்கும். அமெரிக்க எண்ணில் 4140 என்றும் பழைய பிரிட்டிஷ் எண்ணில் இஎன்19 என்றும் பட்டறைகள் அழைக்கும் குரோம்-மாலிப்டினம் எஃகில் சுமார் 0.4 இருக்கும். இரண்டும் ராக்வெல் சி என்னும் கடினத்தன்மை அளவையில் 55 முதல் 60 வரை எளிதாக எட்டுகின்றன. கார்பன் 0.2 அல்லது அதற்கும் கீழே உள்ள கட்டுமான எஃகு, 16எம்என்சிஆர்5 போன்ற கார்பன் ஏற்றிக் கடினமாக்க வேண்டிய எஃகு, கந்தகம் கலந்த குறைகார்பன் கடைசல் எஃகு, 304 துருவேறா எஃகு ஆகியவற்றை அனுப்பிப் பணத்தை வீணாக்காதீர்கள்.

கேட்டு வாங்க வேண்டிய ஆவணம், இஎன் 10204 தரநிலையின் 3.1 வகைப் பொருள் சான்றிதழ். அதில் உருக்கு எண்ணும் (எஃகு எந்த உருக்குத் தொகுதியில் வந்தது என்று காட்டுவது) வேதியியல் பகுப்பாய்வும் இருக்கும். கம்பியில் அடித்திருக்கும் உருக்கு எண் சான்றிதழில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். கம்பியை வெட்டும்போதே அந்த எண்ணை ஒவ்வொரு துண்டுக்கும் மாற்றி எழுதிவிடுங்கள். இந்த ஒரு பழக்கம் இருந்திருந்தால் என் இரண்டு தண்டுகளும் பிழைத்திருக்கும்.

சான்றிதழ் இல்லையா? ஆய்வகத்தில் தீப்பொறி நிறமாலைச் சோதனை செய்யுங்கள். சில நிமிட வேலை. பாகத்தில் ஒரு சிறு கரும்பொட்டு மட்டும் விழும். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. துப்பாக்கி போலக் கையில் பிடிக்கும் எக்ஸ்-கதிர் கருவியால் சோதித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அது குரோமியத்தையும் மாலிப்டினத்தையும் அழகாகக் காட்டும், கார்பனைக் காட்டாது. நமக்குத் தேவையானதோ கார்பன்.

எஃகின் பெயர் சரியாக இருந்தால் மட்டும் போதாது. அது எந்த நிலையில் இருக்கிறது என்பதும் முக்கியம். லேசர் தரும் நேரம் மிகக் குறைவு. கார்பன் நுண்ணிய துகள்களாகப் பரவியிருந்தால்தான் அந்த நேரத்துக்குள் கரைந்து சீராகும். முன்பே கடினமாக்கி டெம்பரிங் (மறுபடி மிதமாகச் சூடாக்கிப் பதப்படுத்துவது) செய்து வந்த எஃகு இதற்கு மிக ஏற்றது. மென்பதமாக்கி வந்த எஃகில் கார்பன் பெரிய உருண்டைகளாகத் திரண்டிருக்கும். அதே எஃகு, அதே லேசர், ஆனால் ஆழமும் குறையும், கடினத்தன்மையும் ஒழுங்கற்றிருக்கும். வாங்கும்போதே டெம்பரிங் செய்த நிலையில் கேளுங்கள். கடைவதற்குச் சற்றுக் கடினமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வார்ப்பிரும்பு என்றால் பேர்லைட் (கார்பன் இரும்போடு மெல்லிய அடுக்குகளாகக் கலந்திருப்பது) அமைப்புள்ளதா என்று கேளுங்கள். கார்பன் ஏறக்குறைய இல்லாத இரும்பான ஃபெர்ரைட் மிகுந்த வார்ப்பிரும்பில் கார்பன் முழுவதும் கிராஃபைட்டில் அடைந்து கிடக்கும். எட்டிய மட்டும் கிராஃபைட்டைச் சுற்றியே கடினமாகும். பழைய டையைப் பழுது பார்த்திருந்தால் வெல்டிங் செய்த இடங்களையும் சொல்லுங்கள். வெல்டிங் கம்பியில் கார்பன் குறைவாக இருந்தால் அந்த இடம் மட்டும் மென்மையாகவே இருந்துவிடும். அரைத்துப் பளபளப்பாக்கிய பிறகு வெல்டிங் இடம் கண்ணுக்கே தெரியாது என்பதால், இது கடைசியில்தான் வெளிப்படும்.

3. வரைபடத்தில் முழுதாகச் சொல்லுங்கள்

"இப்பகுதியைக் கடினமாக்கவும், 56 ராக்வெல்" என்று எழுதி அம்புக்குறி போட்டிருந்தேன். இது வரைபடமே அல்ல, வெறும் வேண்டுதல். குறைந்தது ஐந்து செய்திகளை நீங்கள் எழுத வேண்டும்.

முதலாவது, கடினமாக வேண்டிய பரப்பு. வெப்பப் பதப்படுத்தலை வரைபடத்தில் குறிக்க ஐ.எஸ்.ஓ. 15787 என்றொரு தரநிலை இருக்கிறது. அதன்படி, பரப்புக்கு வெளியே தடித்த சங்கிலிக்கோடு போட்டு, தொடக்கமும் முடிவும் அளவோடு குறிக்கப்படும். கடினமாகலாம் ஆனால் கட்டாயமில்லை, கடினமாகவே கூடாது என்னும் பகுதிகளையும் தனித்தனியாகக் குறியுங்கள். மரை வெட்டிய பகுதியும் பிறகு துளையிட வேண்டிய இடமும் கூடாது என்னும் பட்டியலில் வரும்.

இரண்டாவது, கடினத்தன்மையின் வரம்பு. லேசர் தரும் கடினத்தன்மையைப் பெரும்பாலும் எஃகின் கார்பனே நிர்ணயிக்கிறது. உலை வேலைக்குப் பழகியவர்கள் 50 முதல் 54 என்று எழுதிவிடுவார்கள். 4140 எஃகு லேசரில் அதைத் தாண்டிப் போகும். அந்த வரம்புக்குள் கொண்டுவர மறுபடி டெம்பரிங் செய்ய வேண்டிவரும். வேலைக்கு எவ்வளவு தேவையோ அதைக் கீழ்வரம்பாக எழுதி, மேல்வரம்பைத் தாராளமாக விடுங்கள்.

மூன்றாவது, கடின ஆழம். "0.8 மி.மீ. ஆழம்" என்று மட்டும் எழுதினால் அதற்குப் பொருள் இல்லை. கடினத்தன்மை எந்த அளவுக்கு இறங்கும் இடம் வரை ஆழம் என்று சொல்ல வேண்டும். வழக்கத்தில் அது, கேட்ட குறைந்தபட்ச மேற்பரப்புக் கடினத்தன்மையில் 80 சதவிகிதம். மேற்பரப்பில் 600 விக்கர்ஸ் (இன்னொரு கடினத்தன்மை அளவை) கேட்டால், எல்லை 480 விக்கர்ஸ். 480 வரை இறங்கும் இடத்தின் ஆழம் 0.6 முதல் 1.0 மி.மீ. வரை என்று எழுதுங்கள். அளக்கும் முறை ஐ.எஸ்.ஓ. 18203-இல் இருக்கிறது, அந்த எண்ணையும் வரைபடத்தில் சேர்த்துவிடுங்கள். அரைத்த பிறகு எஞ்சும் ஆழமா, லேசர் முடிந்ததும் இருக்கும் ஆழமா என்பதையும் சொல்லிவிடுங்கள். பாதிச் சண்டைகள் இந்த ஒரு வரியால் வருகின்றன.

நான்காவது, என்னைக் கவிழ்த்த விஷயம்: இணைப்புக்கோடு. கற்றை ஒரு வளையத்தைச் சுற்றி வந்து, தொடங்கிய இடத்தை மறுபடி நெருங்கும்போது, ஏற்கெனவே கடினமான பகுதியைச் சூடாக்கி மென்மையாக்கிவிடும். அகலமான பரப்பில் ஒரு தடத்தின் பக்கத்தில் இன்னொரு தடம் ஓட்டும்போதும் இதுவே நடக்கும். இது கருவியின் குறையோ இயக்குபவரின் கவனக்குறைவோ அல்ல. இந்த முறையின் இயல்பு. தடங்களை ஒன்றின் மேல் ஒன்று சற்று ஏற்றினால் இடையில் மென்மையான பட்டை வரும். ஏற்றாமல் விட்டால் கடினமாகாத இடைவெளி இருக்கும். இரண்டில் எது வேண்டும், அது எங்கே விழ வேண்டும் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

என் தண்டுகளில் சுமை எப்போதும் ஒரே பக்கம்தான் விழும். தண்டு சுழலாது, கைதான் ஊசலாடும். "இணைப்புக்கோடு சாவிப்பள்ளத்துக்கு நேர் எதிர்ப்புறம், 180 டிகிரியில்" என்று ஒரு வரி எழுதியிருந்தால் பிரச்சினையே இல்லை. எழுதவில்லை. இயக்குபவர் தண்டைக் கைக்கு வந்தபடி மாட்டி, அங்கிருந்தே தொடங்கியிருக்கிறார். அவர் மேல் குற்றமில்லை. சுழலும் தண்டில் சுமை எல்லாப் பக்கமும் சுற்றி வருவதால் கோட்டை ஒளித்துவைக்க இடமே கிடையாது. முதல் படியில் சொன்ன எச்சரிக்கைக்குக் காரணம் இதுதான்.

ஐந்தாவது, விளிம்புகளும் துளைகளும். விளிம்பில் வெப்பம் போக ஒரு பக்கம்தான் உண்டு. அதனால் எளிதில் உருகிவிடும். கடினப் பகுதி விளிம்பு வரை வர வேண்டுமா, சில மில்லிமீட்டர் முன்னால் நிற்கலாமா என்று முடிவு செய்யுங்கள். நிற்கலாம் என்றால் அப்படியே எழுதுங்கள். எண்ணெய்த் துளையைக் கடினப் பட்டையின் நடுவில் வைக்காமல் வடிவமைக்க முடிந்தால் இன்னும் நல்லது.

4. கடைசல் வேலையை எந்தக் கட்டத்தில் நிறுத்துவது

சூடாக உருட்டிய கம்பிக்கும் அடித்து வடித்த பாகத்துக்கும் மேல்தோலில் கார்பன் எரிந்துபோயிருக்கும். அந்தத் தோல் மீது லேசர் ஓடினால் மேலே மென்மை, அடியில் கடினம் என்று தலைகீழாக வரும். கடினமாக வேண்டிய இடத்தில் கருந்தோல் முழுவதையும், அடியிலிருக்கும் நல்ல எஃகு வரும் வரை சீவி எடுத்துவிடுங்கள்.

பிறகு என்ன அளவில் நிறுத்துவது? லேசரின் பெரிய நன்மையே, பல பாகங்களை முடித்த அளவில் அனுப்பி, அப்படியே பொருத்திவிடலாம் என்பதுதான். கோணல் மிகக் குறைவு. ஆனால் பூஜ்யம் அல்ல. கடினமான தோல் சற்றே பருக்கும். நீண்ட மெல்லிய பட்டையில் ஒரு பக்கம் மட்டும் ஓட்டினால் வளையும். உங்கள் அளவில் அனுமதிக்கும் விலகல் நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டருக்குள் இருந்தால், பக்கத்துக்கு 0.1 முதல் 0.2 மி.மீ. வரை விட்டு அனுப்பி, பிறகு அரைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் விட்டால் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய கடினத்தோலையே அரைத்துத் தள்ளுகிறீர்கள் என்று பொருள். மேற்பரப்பில்தான் பலன் அதிகம். அரைக்கும்போதும் நிதானம் வேண்டும். அவசரமாக அரைத்தால் அந்தச் சூடே தோலை மென்மையாக்கிவிடும், விரிசலும் விழும்.

நிறையப் பொருள் சீவி எடுத்த பாகம் என்றால், இறுதி அளவுக்கு முன் உள்ளழுத்தம் நீக்கும் வெப்பப் பதம் ஒன்று செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் லேசர் சூட்டில் அந்தப் பழைய அழுத்தம் விடுபட்டுப் பாகம் கோணும். பழி லேசர் மேல் விழும். கூர்மையான ஓரங்களை மழுக்கிவிடுங்கள்.

5. விலை கேட்கும்போது

அனுப்ப வேண்டியவை: வரைபடம், வளைந்த பாகம் என்றால் முப்பரிமாணக் கோப்பு, பொருள் சான்றிதழ், முன்பு செய்த வெப்பப் பதங்களின் பதிவு, எண்ணிக்கை, ஒரு பாகத்தின் எடை, வேண்டிய சோதனை அறிக்கையின் வகை. எடையை ஏன் கேட்கிறார்கள் என்று எரிச்சல்படாதீர்கள். எப்படித் தூக்கி எப்படிப் பிடிப்பது என்பதில்தான் அவர்கள் நேரம் போகிறது.

கற்றை ஓடும் நேரம் மிகச் சிறியது. 20 மி.மீ. அகலத் தடத்தை நிமிடத்துக்கு 300 மி.மீ. வேகத்தில் ஓட்டினால் ஒரு மீட்டர் வழித்தடம் 3 நிமிடம் 20 நொடியில் முடிந்துவிடும். என் தண்டின் சுற்றளவு ஏறத்தாழ 188 மி.மீ.; இதே வேகத்தில் ஒரு வளையத்துக்கு 40 நொடிகூட ஆகாது. பன்னிரண்டு வளையங்களும் சேர்ந்து எட்டு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். ஆனால் விலைப்பட்டியல் எட்டு நிமிடத்துக்கானது அல்ல. நிரல் எழுதுவது, பாகத்தைப் பிடிக்கும் அமைப்பு, சோதனை ஓட்டம், மாதிரியை வெட்டி மெருகேற்றி அளக்கும் ஆய்வகச் செலவு எல்லாம் அதில் உண்டு. முதல் ஆர்டரில் இந்தத் தயாரிப்புச் செலவு, லேசர் ஓட்டிய கூலியைவிட எனக்கு அதிகமாக வந்தது. ஆகவே ஒரே ஒரு பாகம் அனுப்பாதீர்கள். அடுத்த ஆறு மாதத்துக்குத் தேவையானதைச் சேர்த்து அனுப்புங்கள்.

விலைப்பட்டியலில் கண்ணை ஓட்ட வேண்டிய இடங்கள்: தயாரிப்புக் கட்டணம் ஒருமுறையா, ஒவ்வொரு முறையுமா, குறைந்தபட்சக் கட்டணம் உண்டா, அறிக்கை விலைக்குள் அடங்குமா, போக்குவரத்து யாருடையது, பாகம் கெட்டுப்போனால் என்ன. கடைசிக் கேள்வியைத்தான் எல்லோரும் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார்கள். பாகத்தின் விலையை ஈடுசெய்யாமல், தங்கள் கூலியை மட்டும் விட்டுக்கொடுப்பதாக நிபந்தனை போடுவது இத்தொழிலில் சாதாரணம். பல வாரம் கடைந்த டையை அனுப்புகிறீர்கள் என்றால் அந்த நிபந்தனையைக் கையெழுத்துக்கு முன்பே படித்துவிடுங்கள்.

பழைய கார்பன் டை ஆக்சைடு லேசர் வைத்திருக்கும் இடமாக இருந்தால், பளபளப்பான எஃகு அதன் 10.6 மைக்ரோமீட்டர் ஒளியை ஏறக்குறைய முழுவதும் திருப்பி அனுப்பிவிடும். கறுப்புப் பூச்சு பூசித்தான் வேலை செய்வார்கள். அதைப் பூசுவதும் துடைப்பதும் விலையில் இருக்கிறதா என்று கேளுங்கள். டயோடு லேசரும் ஃபைபர் லேசரும் ஒரு மைக்ரோமீட்டருக்கு அருகே இயங்குபவை. அவற்றுக்குப் பொதுவாகப் பூச்சு வேண்டியதில்லை.

6. மாதிரித் துண்டு: இதில் சிக்கனம் வேண்டாம்

கடின ஆழத்தைப் பாகத்தை வெட்டாமல் நேரடியாகப் பார்க்க முடியாது. எனவே அதே உருக்கு எண் கொண்ட கம்பியிலிருந்து, அதே விட்டத்தில், அதே மேற்பரப்பு மெருகில் ஒரு துண்டு கூடுதலாகக் கடைந்து அனுப்புங்கள். முடிந்தால் இரண்டு. ஒன்றை முதலில் ஓட்டி, வெட்டி, அளந்து, நீங்கள் ஒப்புதல் தந்த பிறகே மற்றவற்றைத் தொட வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். "அதேபோன்ற எஃகில் முன்பு செய்திருக்கிறோம்" என்று சொல்வார்கள். செய்திருப்பார்கள்தான், உங்கள் எஃகில் அல்ல.

துண்டு சிறியதாக இருக்கக் கூடாது. தீப்பெட்டி அளவு எஃகில் வெப்பம் போக இடமிருக்காது. அதில் கிடைக்கும் எண்கள் பெரிய பாகத்துக்குப் பொருந்தாது.

7. அனுப்பும் நாள்

வெட்டெண்ணெய், கிரீஸ், பேனாக் குறி, ஒட்டுத்தாள் பசை எல்லாவற்றையும் துடைத்து நீக்குங்கள். துருப்புள்ளி இருந்தால் அந்த இடம் ஒளியை வேறு விதமாக உறிஞ்சும். துருத்தடுப்பு எண்ணெயை மெல்லியதாகப் பூசி, அதைத் துடைத்துவிட்டு வேலை தொடங்கும்படி குறிப்பு வையுங்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் எண் பொறியுங்கள், கடினமாகும் இடத்தில் மட்டும் வேண்டாம்.

8. முடிந்தால் நேரில் நின்று பாருங்கள்

அனுமதித்தால் முதல் பாகம் ஓடும்போது போய் நில்லுங்கள். கவனிக்க வேண்டியது, வெப்பநிலையை அளக்கும் பைரோமீட்டர். நல்ல அமைப்பில் அது கற்றை விழும் இடத்தை அளந்துகொண்டே இருக்கும். சூடு கூடினால் திறனை நொடியின் சிறு பகுதிக்குள் குறைக்கும். இது இல்லாமல் திறனை ஒரே அளவில் வைத்து ஓட்டும் இடங்களில், துளை அருகிலும் விளிம்பிலும் உருகல் வரும் வாய்ப்பு அதிகம். வெப்பநிலைப் பதிவை அச்சிட்டுத் தரச் சொல்லுங்கள். பாகத்துக்கு ஒரு வரைகோடு.

காப்பு வாயு இல்லாமல் ஓட்டினால் தடம் நீலமும் கறுப்புமாக இருக்கும். அது மெல்லிய ஆக்சைடு, பெரும்பாலான வேலைகளுக்குத் தீங்கில்லை. எண்ணெய்த் தடுப்பு வளையம் உரசும் இடம் என்றால் மெருகேற்றி நீக்க வேண்டும், அல்லது நைட்ரஜன், ஆர்கான் ஓட்டத்தில் செய்யச் சொல்ல வேண்டும்.

இவை நான்காம் வகுப்பு லேசர்கள். கண்ணுக்குத் தெரியாத ஒளி. பளபளப்பான எஃகில் பட்டுத் திரும்பும் சிதறலே பார்வையைப் பறிக்கும். கொடுக்கும் கண்ணாடியில் அந்த லேசரின் அலைநீளம் பொறித்திருக்கிறதா என்று பார்த்த பிறகே உள்ளே போங்கள். ஒரு லேசருக்கான கண்ணாடி இன்னொன்றுக்கு உதவாது.

9. திரும்பி வந்ததும் சரியாக அளவிடுங்கள்

நான் அவமானப்பட்ட இடம் இது. பெட்டியைப் பிரித்ததும் தண்டை ராக்வெல் சி கருவியில் வைத்தேன். 50-ஐச் சுற்றியே காட்டியது. கேட்டது 56. உடனே கோபமாக மின்னஞ்சல் அனுப்பினேன்.

ராக்வெல் சி சோதனை 150 கிலோகிராம் விசையில் வைரக் கூம்பை அழுத்துகிறது. 56 படிக்கும் பரப்பில் கூம்பு கிட்டத்தட்ட 0.09 மி.மீ. இறங்கும். அளவீடு செல்லுபடியாக, கடின அடுக்கு அதைப் போல் பத்து மடங்காவது, அதாவது 0.9 மி.மீ. அளவுக்கு, இருக்க வேண்டும். என் தண்டில் கடின ஆழம் 0.6. கூம்பு மெல்லிய கடினத்தோலோடு அதன் அடியிலிருந்த மென்மையான எஃகையும் சேர்த்து அமுக்கியது. நான் அளந்தது இரண்டின் கலவையை. கல் பதித்த தரையைச் சேற்றின் மேல் போட்டுவிட்டு, கல் இறங்குகிறதே என்று கல்லைக் குறை சொன்ன கதை.

விக்கர்ஸ் சோதனையில் 5 அல்லது 10 கிலோகிராம் விசை போதும். 600 விக்கர்ஸ் பரப்பில் 10 கிலோகிராமுக்குக் குழியின் மூலைவிட்டம் சுமார் 0.18 மி.மீ.; அதில் ஒன்றரை மடங்கு, ஏறத்தாழ 0.27 மி.மீ. அடுக்கு இருந்தால் அளவீடு நம்பத்தக்கது. ராக்வெல்தான் இருக்கிறது என்றால், 15 கிலோகிராம் விசையில் அழுத்தும் மேலோட்ட ராக்வெல் 15என் அளவையைப் பயன்படுத்துங்கள். பந்து எகிறும் கையடக்கக் கருவி மெல்லிய அடுக்குக்கு ஏற்றதல்ல. பெரிய டைகளில் மீயொலி முறைக் கருவி பரவாயில்லை. எந்தக் கருவி, எந்த விசை என்பதை வரைபடத்திலேயே எழுதிவிட்டால் இரு தரப்பும் ஒரே மொழியில் பேசலாம். விக்கர்ஸில் அளந்தபோது என் நான்கு தண்டுகளும் தேறின. மன்னிப்புக் கடிதம் மின்னஞ்சலைவிட நீளமாக இருந்தது.

அறிக்கையில் இருக்க வேண்டியவை: பாக எண், உருக்கு எண், மேற்பரப்பின் பல புள்ளிகளில் கடினத்தன்மை, மாதிரித் துண்டில் ஆழத்தோடு கடினத்தன்மை இறங்கும் வரைகோடு, வெட்டுமுகப் புகைப்படம். வரைகோட்டில் முதல் புள்ளி தாழ்ந்து இரண்டாவது உயர்ந்தால், எரிந்த தோல் மிச்சம் இருந்திருக்கிறது. வெட்டுமுகத்தில் தடம் நடுவில் ஆழமாகவும் ஓரங்களில் மேலேறியும் கிண்ணம் போல் தெரிவது இயல்பே. ஆழத்தை நடுவில் மட்டும் அளந்து தந்தால், ஓரத்திலும் அளக்கச் சொல்லுங்கள். மேற்பரப்பில் சிறு சுருக்கமோ துளியோ தெரிந்தால் அந்த இடம் உருகியிருக்கிறது. விரிசல் சோதனை செய்யாமல் பொருத்தாதீர்கள்.

10. எவ்வளவு நாள் ஆகும்

என் முதல் ஆர்டர் வீட்டுக்கு வர ஐந்து வாரம் ஆயிற்று. விலை கேட்டுப் பதில் வர ஒரு வாரம். வரைபடத்தில் விடுபட்டதைக் கேட்டுக் கேட்டு எழுதியதில் இன்னொரு வாரம். மாதிரியை வெட்டி மெருகேற்றி அளக்க நான்கு நாட்கள். மீதி நாட்கள் வரிசையில் காத்திருந்ததும் சாலையில் கழிந்ததும். இரண்டாம் ஆர்டர் பத்து நாட்களில் முடிந்தது. கெட்டுப்போன இரண்டைச் சரியான எஃகில் மறுபடி கடைந்து, வரைபடத்தில் இணைப்புக்கோட்டின் இடத்தைக் குறித்து, 5 கிலோகிராம் விக்கர்ஸ் என்று சோதனையையும் எழுதி அனுப்பினேன். தொலைபேசி ஒருமுறைகூட ஒலிக்கவில்லை. மென்மைக் கோடு தவறான பக்கத்தில் விழுந்த அந்த நான்கையும் வீணாக்கவில்லை. மறுமுனையில் இன்னொரு சாவிப்பள்ளம் வெட்டி, தண்டைத் திருப்பி மாட்டினோம். கோடு சுமையில்லாத பக்கம் போய்விட்டது.

ஆர்டர் முடிந்ததும் நிரலின் பெயர், வெப்பநிலை, வேகம், ஒளியியல் அமைப்பு ஆகியவற்றை அறிக்கையிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். சில இடங்கள் வேகத்தையும் திறனையும் தர மறுக்கும். நிரலின் பெயரையாவது வாங்கிவிடுங்கள். ஓராண்டு கழித்து அதே பாகத்தை அனுப்பும்போது தயாரிப்புக் கட்டணத்தை மறுபடி போட்டால், அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்கலாம்.